நட்பு லீக்கில் ஒருவர் ஸ்கோர் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்

நாலைந்து கிளப் ஆட்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்துகிற பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள் லீக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜெயித்தால் கிடைப்பது ஒரு சின்னக் கோப்பையும் அன்றைக்கு டிபன் செலவும். இந்த ஸ்கோரைக் காட்டி யாரும் மாநில அணிக்குப் போய்விட முடியாது. இருந்தாலும் பாதி சீசன் தாண்டியதும் யாராவது ஒருத்தர் டீ குடிக்கும்போது நம் பக்கம் ஒதுங்கி வந்து, "அவரு ஸ்கோர் கொஞ்சம் இடிக்குதே, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து அது எப்படிப் போகும் என்பது லீக் நடத்திய எல்லோருக்கும் தெரியும். ரெண்டு வாரத்தில் பாதிப் பேருக்கு விஷயம் எட்டிவிடும், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. கடைசியில் அவர் காதுக்குப் போகிற அன்றைக்கு லீக் ரெண்டாக உடையும்.

என் கட்சி இதுதான்: ஆளை விட்டுவிட்டுக் கார்டை, அதாவது அவர் சுட்ட குறியட்டையைப் பிடியுங்கள். அவர் நல்லவரா, மூன்று வருடம் முன்னால் யாரிடமோ எப்படி நடந்துகொண்டார் என்பதெல்லாம் இதில் சேர்த்தியில்லை. சுட்ட கார்டு கையில் இருக்கிறது, அதில் ஓட்டை இருக்கிறது, அதைப் பார்த்தாலே பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் அந்த ஸ்கோர் உண்மையிலேயே இடிக்கிறதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய கணக்கில்லை. 40 குண்டு பிஸ்டல் மேட்சில் (குண்டுக்குப் பத்து, முழு மார்க் 400) ஒருவர் சராசரி 352 என்று வைத்துக்கொள்வோம், அதாவது குண்டுக்கு 8.8. கிளப் அளவில் சுடுகிறவருக்கு ஒவ்வொரு குண்டும் அந்தச் சராசரியிலிருந்து ஏறக்குறைய ஒரு புள்ளி மேலேயோ கீழேயோ போகும். அப்படியென்றால் 40 குண்டுக்கான மொத்தம் சும்மாவே ஆறு புள்ளி ஏறும், ஆறு புள்ளி இறங்கும், பன்னிரண்டு வரை போனாலும் அதிசயம் இல்லை. 352 அடிப்பவர் ஒருநாள் 364 அடித்தால் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். 378 அடித்தார் என்றால் அது வேறு. அதுவும் ஒரே ஒருநாள் என்றால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று பொறுத்திருக்கலாம். தொடர்ந்து வந்தால்தான் கேள்வி.

378 என்றால் எவ்வளவு பெரிய ஸ்கோர் என்று தெரிய ஒரு அளவுகோல் வேண்டும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டல் 60 குண்டுத் தகுதிச்சுற்றில் 600-க்கு 580 எடுத்து மூன்றாவதாக இறுதிக்குப் போனார், அப்புறம் வெண்கலம் வாங்கினார். ஆண்கள் பிரிவில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தும் இறுதிக்குப் போக முடியாமல் ஒன்பதாவதாக நின்றார். எட்டாவது வந்த ஜெர்மன் வீரரும் அதே 577தான், ஆனால் அவரிடம் உள்பத்து (பத்துக்குள் இன்னும் நடுவில் விழுந்த குண்டு) ஒன்று கூடுதல். 40 குண்டுக்கு மாற்றினால் இவை 385, 387 வாக்கில் வரும். ரைபிளில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அங்கே 630.7 எடுத்துப் பத்தாவது வந்தார், குண்டுக்கு 10.5 என்று ஆகிறது (அங்கே ரைபிளுக்குத் தசமத்தில் மார்க், ஒரு குண்டு 10.9 வரை போகலாம்). இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் எது நல்ல நாள், எது நம்ப முடியாத நாள் என்று ஓரளவு பிடிபடும்.

ஸ்கோர் திடீரென்று ஏறுவதற்கு நேர்மையான காரணங்கள் நிறைய உண்டு. புதுப் பிஸ்டல் வாங்கியிருப்பார், பழைய பிஸ்டலின் கிரிப்பைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி அரம் போட்டு மரத்தூள் புட்டி வைத்துச் சரி செய்திருப்பார், வேறு கம்பெனி பெல்லட்டுக்கு (ஏர் துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டு) மாறியிருப்பார், வீட்டில் தினமும் சுவரைப் பார்த்து வெறும் டிரிகர் இழுத்துப் பழகியிருப்பார். எங்கள் லீக்கில் அறுபது தாண்டிய ஒரு பெரியவர் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு திரும்பி வந்து தடதடவென்று பத்துக் குண்டுக்குத் தொண்ணூறு தொண்ணூறாக அடிக்க ஆரம்பித்தார். முணுமுணுப்பு கிளம்பியது. என்ன விஷயம் என்றால், இடையில் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார், கண் டாக்டரிடம் போய்த் தன் முன்சைட் (குழல் முனையில் குறிபார்க்கிற துண்டு) இருக்கிற தூரத்தை டேப்பால் அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கே பவர் வைத்து ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டிருக்கிறார். பல வருடமாக முன்சைட் அவருக்குப் புகைமூட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது! யாரோ ஒருவர் நேராகப் போய், "சார், எப்படி சார் இப்படி அடிக்கிறீங்க?" என்று கேட்டதும் அரைமணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். கேட்டால் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

கார்டை எப்படிப் பார்ப்பது

நட்பு லீக்கில் நடக்கிற தப்பில் பெரும்பங்கு, அவரவர் கார்டுக்கு அவரவரே மார்க் போடுவதால் வருவது. ஏர் ரைபிள் கார்டில் பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி, ஒன்பதாவது வளையம் 5.5 மில்லிமீட்டர், பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். கோட்டைத் தொட்டால் மேல் மார்க் என்பதால் குண்டின் நடு 2.5 மில்லிமீட்டர் வரை விலகினாலும் அது பத்துதான். அதற்கு மேல் ஒரு மயிரிழை போனால் ஒன்பது. அந்த மயிரிழையைத் தன் கார்டில் பார்க்கிற கண் ஒன்று, அடுத்தவர் கார்டில் பார்க்கிற கண் வேறொன்று. 40 குண்டில் பத்துப் பன்னிரண்டு கோட்டோரம் விழும், பாதியைத் தனக்குச் சாதகமாகப் போட்டுக்கொண்டாலே ஐந்தாறு புள்ளி கூடிவிடும், அவர் மனதறிந்து எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். இதற்குப் பெயர் ஏமாற்று இல்லை. கார்டை மாற்றிக்கொண்டு மார்க் போடச் சொன்னால் போதும். ஒற்றைப்படை லேன்காரர் கார்டை இரட்டைப்படை லேன்காரர் பார்க்கட்டும், சந்தேகமான ஓட்டைக்கு மட்டும் கேஜ் (ஓட்டைக்குள் விட்டு அளக்கிற கருவி) போட மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கட்டும். கேஜை ஒரே ஓட்டையில் திரும்பத் திரும்ப விட்டால் ஓட்டையே பெரிதாகிவிடும், ஒரு தடவைதான் போட வேண்டும், போட்டவர் முடிவைக் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெல்லட்டையும் கவனியுங்கள். தட்டைத் தலை பெல்லட் கார்டைப் பஞ்சிங் மிஷின் மாதிரி வட்டமாக வெட்டும். உருண்டைத் தலை பெல்லட் கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிறடிக்கும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று விடிய விடியச் சண்டை போடலாம். ஜெராக்ஸ் பேப்பரில் அச்சடித்த கார்டும் அப்படித்தான். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று மெல்லிய பேப்பரில் கார்டு அடித்துவிட்டு அப்புறம் மனுஷன் மேல் சந்தேகப்படுவது நியாயமில்லை.

இனி உண்மையான திருகுதாளம். கையால் போட்ட ஓட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். துப்பாக்கியிலிருந்து வந்த ஈய பெல்லட் கார்டைத் துளைக்கும்போது முன்பக்கத்தில் ஓட்டையைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிற வளையம் விழும், ஈயம் துடைத்த தடம் அது. வெள்ளைப் பகுதியில் வெறும் கண்ணுக்கே தெரியும், நடுவில் உள்ள கருப்பு வட்டத்தில் விழுந்தால் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பேனாவாலோ ஆணியாலோ பெல்லட்டையே விரலால் அழுத்தியோ போட்டால் இந்த வளையம் இருக்காது, பின்பக்கம் காகிதம் இதழ் இதழாக விரிந்து நிற்கும். பக்கத்தில் அதே கார்டில் சந்தேகமில்லாத ஓட்டை ஒன்று இருக்குமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தனியாக ஒரு ஓட்டையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

பத்துக் குண்டு, கார்டில் ஒன்பது ஓட்டை, "ரெண்டும் ஒரே ஓட்டையில போயிடுச்சு சார்" என்கிற கேஸ் எல்லா லீக்கிலும் உண்டு. நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒருவருடைய மற்றக் குண்டுகள் கருப்பு முழுவதும் சிதறியிருக்க, ரெண்டு மட்டும் ஓட்டையின் ஓரம்கூட நீளாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போனது என்றால் நம்புவது கஷ்டம். பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேஜையில் தாங்கி வைத்துச் சுடுவது) போட்டிகளில் இதற்காகவே கார்டுக்குப் பின்னால் மெதுவாக நகர்கிற காகிதம் வைப்பார்கள், ஒரே ஓட்டையில் ஐந்து போனாலும் பின்னால் ஐந்தும் தனித்தனியாகப் பதியும். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கார்டுக்கு ரெண்டே குண்டு என்று விதியை மாற்றுங்கள், கார்டு செலவு கொஞ்சம் கூடும், இந்தப் பேச்சே எழாது.

பதினோரு ஓட்டை இருந்தால் அவசரப்படாதீர்கள். பக்கத்து லேன்காரர் தவறி இவர் கார்டில் சுட்டிருக்கலாம், முதலில் அவர் கார்டில் ஒன்று குறைகிறதா என்று பாருங்கள். கார்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் நிரந்தரமாக இருந்தால் பக்கத்து லேனிலிருந்து சாய்வாக வந்த குண்டு அதில் விலகிப் பதிந்திருக்கும். எது யாருடையது என்று கடைசிவரை தெரியாவிட்டால், சர்வதேச விதியில் அடுத்தவர் குண்டை வாங்கிக்கொண்டவருக்கு உயர்ந்த மார்க்கைத்தான் கொடுப்பார்கள், நீங்களும் அதையே பின்பற்றலாம்.

சைட்டர், அதாவது மேட்சுக்கு முன்னால் கணக்கில் சேராமல் சுட்டுப் பார்க்கிற குண்டு விஷயத்தில் பலருக்குத் தெரிந்தே கை நீளும். முதல் ரெண்டு குண்டு ஏழு, எட்டு என்று போனதும் "அது சைட்டர்தான்" என்பார்கள். சைட்டர் கார்டின் மேல் வலது மூலையில் கருப்புச் சாய்கோடு இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கோடு இல்லாத கார்டில் சுட்டது எல்லாம் மேட்ச் குண்டு, மேட்ச் குண்டு ஒன்று போனபிறகு சைட்டருக்குத் திரும்ப முடியாது. இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

வீட்டில் சுட்டு அனுப்பும் சுற்றுகள்

2020 ஊரடங்கில் ரேஞ்ச் பூட்டியிருந்ததால் மாடியிலும் ஹாலிலும் பத்து மீட்டர் அளந்து சுட்டு வாட்ஸ்அப்பில் கார்டு படம் அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் தொற்றிக்கொண்டது, சில லீக்குகள் இன்னும் பாதிச் சுற்றை அப்படியே நடத்துகின்றன. இங்கேதான் கார்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதுதான் தூரம். எட்டு மீட்டரில் நின்று சுட்டால் பத்து மீட்டரில் 20 மில்லிமீட்டர் விலகுகிற குண்டு 16 மில்லிமீட்டர்தான் விலகும், எல்லாக் குண்டும் ஐந்தில் ஒரு பங்கு நடுவுக்கு நெருங்கிவிடும். ஓட்டை அதே ஓட்டை, ஈயத்தடம் அதே தடம். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றும் தெரியாது. வேண்டாதவரை மாட்டவைக்கப் படத்தைத் துருவிக்கொண்டிருப்பது நேர விரயம்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். கார்டுகளை லீக் செயலாளரே வாங்கி, வரிசை எண் போட்டு, கருப்பு ஓரத்தில் பாதி விழுகிற மாதிரி முத்திரை குத்தி, சீசன் தொடக்கத்தில் எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். சுடுகிற அன்று காலை ஏழு மணிக்கு குரூப்பில் ஒரு வார்த்தை போடுங்கள், கத்தரிக்காயோ கன்னியாகுமரியோ எதுவாக இருந்தாலும் சரி, அதைக் கார்டில் எழுதிவிட்டுத்தான் சுட வேண்டும். பழைய கார்டைத் தூசி தட்டி அனுப்புவது இதோடு நின்றது. முதல் குண்டுக்கு முன்னால் டேப்பைத் தரையில் இழுத்து நிற்கிற கோட்டிலிருந்து கார்டு முகம் வரை போன் வீடியோவில் காட்ட வேண்டும். கார்டின் நடு நிற்கிற தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும், ஐந்து சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். பக்கத்தில் வீட்டு ஆளோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒருவர் நின்று கார்டின் பின்னால் கையெழுத்துப் போடட்டும். படத்தில் வருகிற ஸ்கோர் தற்காலிகம், கார்டு கைக்கு வந்தபிறகுதான் உறுதி. பிரிட்டனில் தபால் லீக் என்று காலங்காலமாக நடக்கிறதே, அதில் எண் போட்ட கார்டு, சாட்சி கையெழுத்து, மார்க் போட வேறொரு ஆள் என்கிற இந்த மூன்றையும் வைத்துத்தான் ஊர் ஊராகக் கார்டு அனுப்பிக்கொள்கிறார்கள்.

ஹேண்டிகேப் லீக்காக இருந்தால்

ஹேண்டிகேப், அதாவது குறைவாகச் சுடுகிறவருக்குச் சேர்த்துக் கொடுக்கிற சலுகைப் புள்ளி இருக்கிற லீக்கில் கூட்டிப் போடுகிறவரைவிடக் குறைத்துச் சுடுகிறவர்தான் ஆபத்து. உதாரணம் சொல்கிறேன். அடிப்படை ஸ்கோர் 380, அதற்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதம் உங்களுக்கு ஹேண்டிகேப். உண்மையில் 360 சுடுகிறவருக்கு 16 கிடைக்கும், மொத்தம் 376. அவரே முதல் மூன்று சுற்றில் மெனக்கெட்டு 345 சுட்டு வைத்தால் ஹேண்டிகேப் 28 ஆகிவிடும், அப்புறம் தன் வழக்கமான 360-ஐச் சுட்டாலே 388. பன்னிரண்டு புள்ளி சும்மா! யாரும் அவரைக் கை நீட்டிக் கேட்கவும் முடியாது, கெட்டியாகச் சுடவில்லை என்பது குற்றமா என்ன?

இதையும் கார்டில் ஓரளவு படிக்கலாம். பத்துப் பத்துக் குண்டாகப் பிரித்துப் பாருங்கள். 91, 89, 90 என்று போய்க் கடைசிப் பத்தில் 74 என்றால் அந்தக் கார்டை மட்டும் வெளியே எடுங்கள். களைப்பிலோ பதற்றத்திலோ கெட்ட பத்து என்றால் ஓட்டை நாலாபுறமும் சிதறியிருக்கும். எல்லாம் ஆறு மணிப் பக்கம் (கடிகாரத்தில் ஆறு இருக்கிற கீழ்ப்பக்கம்) ஏழாவது வளையத்தில் கைக்குட்டை மடித்த மாதிரி ஒரே கொத்தாக இருந்தால், அவ்வளவு கச்சிதமாகக் கெட்டுப்போக நல்ல சுடுகிறவரால்தான் முடியும். இதிலும் ஒரு எச்சரிக்கை: சைட் ஸ்க்ரூ தளர்ந்தாலும், பிஸ்டல் பெட்டியில் இடிபட்டுச் சைட் நகர்ந்தாலும் இதே கொத்து வரும். அவர் அன்றைக்கே "சைட் ஆடிடுச்சு" என்று சொன்னாரா, நடுவில் நிறுத்தித் திருகினாரா என்று பக்கத்து லேன்காரரிடம் கேளுங்கள்.

மருந்து எளிது. ஹேண்டிகேப்பைச் சராசரியிலிருந்து கணக்கிடாமல் கடைசி ஆறு சுற்றில் சிறந்த மூன்றிலிருந்து கணக்கிடுங்கள். குறைத்துச் சுட்ட கார்டு தானாகக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நல்ல ஸ்கோர் வந்த மறுநாளே ஹேண்டிகேப் இறங்க வேண்டும், ஏறுவது மட்டும் மெதுவாக இருக்கட்டும். கடைசி ரெண்டு சுற்றுக்கு முன்னால் அதை உறைய வைத்துவிடுங்கள்.

துப்பாக்கி, கை, மாத்திரை

ஏர் பிஸ்டல் டிரிகர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை, முத்திரை உள்ள அரைக்கிலோ எடைக்கல்லில் கொக்கி கட்டினால் ஆச்சு, கொக்கியின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்லட் இல்லை என்று ரேஞ்ச் ஆபீசர் பார்த்த பிறகு, காற்று ஏற்றிய நிலையில், குழல் நேர் மேலே பார்க்க, டிரிகரில் மாட்டித் தூக்க வேண்டும். மூன்று முயற்சிக்குள் நின்றால் தேறியது. சந்தேகப்பட்டவருடையதை மட்டும் சோதிக்காமல் அன்றைக்கு வந்த எல்லாப் பிஸ்டலையும் சோதியுங்கள், உங்களுடையதில் ஆரம்பித்து.

பிஸ்டல் பிடிக்கும் கையில் வாட்ச், பட்டை, மணிக்கட்டைத் தாங்குகிற எதுவும் கூடாது, மணிக்கட்டு தெரிகிற மாதிரி சும்மா இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கோவில் கயிறு கட்டியவர் மேல் பிராது கொடுத்த ஆட்களும் உண்டு, அந்த நூல் யார் கையையும் தாங்கப் போவதில்லை, உறுத்தினால் இன்னொரு கையில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அதே மாதிரி ரைபிள்காரர் முழங்கையை இடுப்பில் ஊன்றி நிற்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் பதறுவார்கள். அது விதிப்படி சரி, உலக அளவில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மாத்திரை விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. இதயத் துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் தடை செய்யப்பட்டவை, போட்டி நாளில் மட்டுமில்லை, மற்ற நாளிலும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு பிஸ்டலில் வாங்கிய வெள்ளியையும் வெண்கலத்தையும் ப்ரோப்ரனலால் எடுத்ததற்காகப் பறித்துவிட்டார்கள். நம் லீக்கில் பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் சாப்பிடுகிற மாமாக்கள் வரிசையில் பாதி நிற்பார்கள். அவர்கள் மாத்திரைப் பட்டியலைக் கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, மேட்ச் அன்றைக்கு நிறுத்துங்கள் என்று சொல்வது உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக்கொடுத்தது எதுவும் இந்த லீக்கில் தடையில்லை என்று விதியில் ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் மருத்துவ விலக்கு வாங்குவதைப் பற்றி அவர்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளட்டும்.

பேச வேண்டிய கட்டம்

இத்தனையும் பார்த்தபிறகும் கார்டில் விளக்க முடியாதது ஒன்று நிற்கிறது என்றால் பேசித்தான் ஆக வேண்டும். பட்டியலில் அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கிறவர் பேசக் கூடாது, நீங்களே அந்த ஆள் என்றால் கார்டைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். செயலாளர், அவரோடு மரியாதைக்குரிய இன்னொருவர், ரெண்டு பேர் போதும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து.

சுட்டு முடிந்து துப்பாக்கி பெட்டிக்குள் போனபிறகு, மற்றவர்கள் டீக்குப் போயிருக்கும்போது, கார்டை மேஜையில் வைத்துப் பேசுங்கள். "சார், இந்த மூணாவது கார்டுல ஒரு ஓட்டை மட்டும் வேற மாதிரி இருக்கு, எனக்குப் புரியல, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நம் ஆட்களுக்கு மௌனம் தாங்காது, உடனே "தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல" என்று நாமே அவருக்குப் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவோம். பொறுத்திருங்கள். பாதி நேரம், "அடடா, அது பேனா முனை குத்தினது, அந்த ஓட்டையை விட்டுடுங்க" என்று அவரே ஒரு வழி தேடிக்கொள்வார். அந்த வழியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள், ஸ்கோரைத் திருத்திக்கொண்டு அத்தோடு விடலாம். ஒருவரைக் குப்புறத் தள்ளி ஒப்புக்கொள்ள வைப்பதில் நட்பு லீக்குக்கு ஒரு லாபமும் இல்லை.

வயதில் பெரியவர், கிளப்புக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர், டிபார்ட்மென்டில் பெரிய பதவியில் இருப்பவர் என்றால் யாருக்கும் நாக்கு எழும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆளிடம் போகவே வேண்டாம், மேலே சொன்ன கார்டு மாற்று, சாட்சி, ரெண்டு குண்டுக் கார்டு எல்லாவற்றையும் அடுத்த சுற்றிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக அமல்படுத்துங்கள். ஸ்கோர் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பையனோ பொண்ணோ என்றால் முதலில் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள், பல சமயம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கார்டை எடுத்துக் கொடுக்கிற அப்பாவே காரணமாக இருப்பார். அவரை நாற்காலியோடு சேர்த்து வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை நிம்மதியாகச் சுட விடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு எழுத்துகூட வேண்டாம். பெயர் போடாமல் "சிலர்" என்று எழுதுவதும் வேண்டாம், எல்லோருக்கும் யார் என்று தெரியும். ஆதாரம் இல்லாமல் ஒருவரை மோசடிக்காரர் என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி அவதூறு வழக்குக்கே இடம் இருக்கிறது, அதிலும் ரைபிள் கிளப்பில் வக்கீலுக்குப் பஞ்சமே கிடையாது.

அவர் மறுத்தால்? சண்டைக்குப் போகாமல், அந்தச் சுற்றைச் சாட்சியோடு திரும்பச் சுட அழைப்புக் கொடுங்கள். வந்து சுட்டால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும், அவர் முன்பு அடித்ததைவிடக் கூடுதலாக வந்தாலும். வர மாட்டேன் என்றால் அந்த ஒரு சுற்று கணக்கில் இல்லை, அவ்வளவுதான். தெளிவாகப் பிடிபட்டு ரெண்டாவது தடவையும் நடந்தால் மீதி சீசனுக்கு ஸ்கோர் சேராமல் வந்து சுட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லுங்கள். ரேஞ்சை விட்டே அனுப்புவதைப் பாதுகாப்பு விதியை மீறுகிறவருக்காக வைத்துக்கொள்ளுங்கள், லோடு பண்ணிய துப்பாக்கியோடு திரும்புகிறவரைவிட ரெண்டு புள்ளி கூட்டிப் போட்டவர் பெரிய குற்றவாளி இல்லை. சீசன் தொடங்கும் முன்பே இந்தத் தண்டனைகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், நடுவில் ஒருவருக்காக விதி எழுதினால் அது அவர் பெயரில்தான் நிலைக்கும்.

கார்டுகளைச் சுற்று வாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பரிசளிப்பு முடிந்து ஒரு மாதம் வரை செயலாளர் வைத்திருக்கட்டும். யார் வேண்டுமானாலும் யார் கார்டை வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மாதம் முடிந்தால் ஆட்சேபணைக்கும் நேரம் முடிந்தது, கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்.